ஒன்பது மணி ஷிப்டா, ஏழு மணி ஷிப்டா, கம்பெனி வேனா?

கொரோனா ஊரடங்கில் நின்றுபோன சென்னை மாநகரப் பேருந்துகள் 2020 செப்டம்பர் 1 காலையில் மறுபடி ஓடின. ஐந்து மாதத்துக்கு மேல் கேட்காத ஹாரன் சத்தத்தைக் கேட்டதும் எங்கள் வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கே போய்விட்டார். எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது.

கொருக்குப்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அதில் நான் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்று கணக்கு வைப்பவன். மொத்தம் 46 பேர். அதில் 17 பேர் பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் வருகிறவர்கள். திருவொற்றியூர், மாதவரம், மூலக்கடை பக்கமிருந்து 14 பேர் பஸ்ஸில் வருவார்கள். மீதிப் பேர் வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை; நடந்தோ சைக்கிளிலோ வண்டியிலோ வந்து சேர்ந்துவிடுவார்கள். முழு ஆட்களையும் அழைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்துவிட்டது. பஸ்ஸும் வந்துவிட்டது. ரயில் மட்டும் வரவில்லை. செப்டம்பர் 7 அன்று மெட்ரோ மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் அப்போது அது வண்ணாரப்பேட்டையோடு நின்றுவிடும். விம்கோ நகர் வரை நீண்டது 2021 பிப்ரவரி 14இல்தான்.

மணலியில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் கேட்டார்: "இன்னொரு தடவை இந்த மாதிரி வந்தா, திறக்கும்போது எப்படித் திறக்கிறது? நீங்கதான் நோட்டுப் போட்டு எழுதி வச்சீங்களே." நோட்டு இருக்கிறது. அதில் இருப்பதையும், அன்று தெரியாமல் பின்னால் தெரிந்துகொண்டதையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

முதலாளி முன்னால் அன்று இருந்த வழிகள் நான்கு. எல்லோரையும் பழையபடி ஒன்பது மணிக்கு வரச் சொல்வது. பாதிப் பாதியாகப் பிரித்து அழைப்பது. ஷிப்ட் நேரத்தையே மாற்றுவது. ரயில்காரர்களுக்கு வேன் வைப்பது. நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்தது வேன். பார்க்கவும் அதுதான் பொறுப்பான காரியமாகத் தெரிந்தது. முதலாளி ஆளுக்காகச் செலவு செய்கிறார், ஆட்கள் பஸ் கூட்டத்தில் நசுங்காமல் வருகிறார்கள், வாசலில் கம்பெனி பெயர் ஒட்டிய வண்டி நிற்கிறது.

அந்த வேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பொன்னேரியிலிருந்து இங்கே வர ஒரு மணி நேரம் வரை ஆகும். வழியில் கண்டெய்னர் லாரிகள், அவை கிளப்பும் புழுதி, வெயில். டிரைவர் என்ன செய்வார்? கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போடுவார். வேன் ஏசி பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிராக்கித் திரும்ப விடுகிறது. அதாவது 12 பேர் ஒரு மணி நேரம் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு இது உறைக்கவில்லை. நாங்கள் சீட்டுக்கு சானிடைசர் அடித்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது வாரத்தில் ஒரே வேனில் வந்த மூன்று பேருக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல். வேனில்தான் தொற்றியது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. மூன்று பேரும் ஒரே டேபிளில் பேஸ்டிங் செய்பவர்கள். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி என் கண்ணை உறுத்தியது.

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் 2020 ஜனவரியில் நடந்த ஒன்றைப் பின்னால் படித்தேன். ஒரு வழிபாட்டுக்குப் போன பஸ்ஸில் 68 பேர். ஒருவருக்குத் தொற்று இருந்தது, அவருக்கே தெரியாது. போக வர மொத்தம் 100 நிமிடப் பயணம். குளிருக்கு ஹீட்டர் ஓடியது, உள்காற்றையே சுற்றவிடும் ஹீட்டர். கூட வந்தவர்களில் 23 பேருக்குத் தொற்றியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் என்றில்லை, தள்ளி உட்கார்ந்தவர்களுக்கும். தப்பித்தவர்களில் திறக்கக்கூடிய ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். நாங்கள் வேனில் ஒரு சீட் விட்டு ஒரு சீட் உட்கார வைத்தோமே, அது எவ்வளவு அற்ப ஏற்பாடு என்று அப்போது புரிந்தது.

இந்த இடத்தில் நம் ஊர் மாநகரப் பேருந்துக்கு ஒரு நல்ல வார்த்தை. கண்ணாடி உடைந்தது, ஷட்டர் இறங்காதது, மழையில் ஒழுகுவது என்று நாம் திட்டும் அதே பஸ், ஓடும்போது காற்றை அடித்து வெளியேற்றுகிற விஷயத்தில் ஏசி வேனை விட எத்தனையோ மேல். கதவு திறந்தே ஓடும் மின்சார ரயில் அதற்கும் மேல். ஷேர் ஆட்டோவும் பக்கம் திறந்ததுதான். மூலக்கடையிலிருந்து பத்து நிமிட சவாரிக்கு நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், டிரைவர் பக்கத்தில் இரண்டு பேரை ஏற்றாத வரை. மெட்ரோ குளிரூட்டிய பெட்டி. ஆனால் பயணம் சின்னது, கூட்டம் அன்று குறைவு, பேசாமல் மாஸ்க்கோடு வந்தால் சரி. ஜப்பானில் ரயில் ஜன்னலைத் திறந்துவைத்து, பயணிகளைப் பேசாமல் வரச் சொன்னார்கள். அந்த இரண்டும் காசில்லாத வைத்தியம். நம் ஊரில் இரண்டாவதைச் செய்யச் சொன்னால் கண்டக்டரே சிரிப்பார்.

வேனுக்கு ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. தினமும் அதே 12 பேர். ஒருவருக்கு வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று உடனே தெரியும். பஸ்ஸில் வந்தவருக்கு வந்தால் அவர் பக்கத்தில் யார் நின்றார் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆகவே வேன் வைத்தால் கண்ணாடியை இறக்கி ஓட்டு, ஒரே டிபார்ட்மென்ட் ஆட்களை மட்டும் ஒரு வேனில் ஏற்று. புழுதியா? மாஸ்க் அதற்கும் சேர்த்துத்தான். வாடகை எங்கள் மாதக் கரண்ட் பில்லைத் தாண்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாதம் முதலாளியே நிறுத்திவிட்டார்.

அடுத்தது பாதிப் பாதி. இதில் இரண்டு விதம். ஒன்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இன்னொன்று, ஒரு குழு தொடர்ந்து சில நாள் வேலை செய்து, பிறகு தொடர்ந்து பல நாள் வீட்டில் இருப்பது. இஸ்ரேலைச் சேர்ந்த உரி அலோன் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் 2020இல் இந்த இரண்டாவதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: 4 நாள் வேலை, 10 நாள் வீடு. தொற்றியவுடன் ஒருவர் மற்றவருக்குப் பரப்புவதில்லை. அதற்குச் சில நாள் பிடிக்கும். வேலை நாளில் தொற்றியவர் பரப்பும் நிலைக்கு வரும்போது வீட்டில் இருப்பார், அறிகுறியும் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறையில் இந்தப் பலன் கிடைக்காது. திங்கட்கிழமை தொற்றியவர் வியாழனோ வெள்ளியோ பரப்புகிற நிலையில் மறுபடி வந்து நிற்பார். எனவே கணக்குப்படி பார்த்தால் நாள் விட்டு நாள் முறையை விட, நாட்களைச் சேர்த்து வைக்கும் முறை உறுதியாக மேல். ஒமைக்ரான் போல வேகமாகப் பரவும் ரகத்தில் இந்த இடைவெளி குறுகிவிடுகிறது. அப்போது இந்தக் கணக்கின் பலமும் குறையும்.

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம ஏரியாவில் 10 நாள் வீடு என்றால் என்ன? மாதச் சம்பளக்காரருக்கு அது லேப்டாப். பீஸ் ரேட்டில் பெட்டி ஒட்டுகிறவருக்கு அது பட்டினி. முழு ஆட்களுக்கும் அனுமதி வரும் முன் சில வாரம் பாதிப் பேரை வைத்து ஓட்டியபோதே பார்த்தேன். வீட்டில் இருக்க வேண்டிய நாளில் ஒருவர் காசிமேட்டில் மீன் கூடை தூக்கப் போனார். இன்னொருவர் எம்.சி. ரோட்டில் துணிக் கட்டு இறக்கினார். அவரைக் கண்டித்தபோது, "வீட்டுல குந்திக்கினு இருந்தா நீ துட்டு தருவியா சார்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு இடத்தில் வேலை செய்பவரை இரண்டு இடத்தில் வேலை செய்பவராக நாங்களே மாற்றிவிட்டோம். குழுவைப் பிரித்த பலன் அங்கேயே கரைந்துபோனது. முழுக் கூலி கொடுத்து வீட்டில் வைக்க முடிகிற கம்பெனிக்கு மட்டும்தான் பாதிப் பாதி முறை. கொடுக்க முடியாதென்றால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, நேரத்தை மாற்றும் வழிக்கு வருகிறேன். நான் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் இதுதான், ஆனால் தாமதமாகச் சேர்ந்தேன்.

மின்சார ரயில் எப்படித் திரும்பி வந்தது என்று நினைவிருக்கிறதா? அக்டோபர் 5 முதல் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும். நவம்பர் 23 முதல் பெண்களுக்கு, கூட்டமில்லாத நேரத்தில். டிசம்பர் 23 முதல் எல்லோருக்கும், அதுவும் காலை மாலை நெரிசல் நேரம் நீங்கலாக. ஒன்பது மணி ஷிப்டுக்கு வருகிற ஆண் ஆளுக்கு எது நெரிசல் நேரமோ அதில்தான் டிக்கெட் கிடையாது. மூன்று வாரம் ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருந்தோம். நம் ஷிப்டை நகர்த்தினால் ரயில் கிடைக்கும் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. ஒரு நாள் மீஞ்சூர்க்காரர் ஒருவர்தான் சாவகாசமாகச் சொன்னார்: "ஏழு மணி ஷிப்ட் போடு சார், நான் விடிகாலை வண்டியில காலியா வந்துடறேன்."

அப்படித்தான் ஷிப்ட் இரண்டானது: காலை 7 முதல் 3.30, காலை 10.30 முதல் இரவு 7. ஐந்து மணி நேரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அதுவும் ஹாலில் கூட்டம்தான். ஆனால் ஏழு மணி ஆட்கள் மெஷினிலும், பத்தரை ஆட்கள் பேக்கிங்கிலும் என்று ஹாலின் இரண்டு முனையில் நிறுத்தினோம். பஸ்காரர்களுக்கும் இதே பலன். ஆறு மணி பஸ்ஸில் சீட் கிடைக்கும். எட்டரை மணி பஸ்ஸில் படிக்கட்டுதான் கிடைக்கும். டோக்கியோ நகரம் பெருந்தொற்றுக்கு முன்பே, 2017இலிருந்து, நெரிசலைக் குறைக்க அலுவலக நேரத்தை மாற்றிவைக்கச் சொல்லி இயக்கமே நடத்தியது. எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

இதோடு சேர்ந்தது கிரேஸ் டைம், அதாவது தாமதமாக வந்தாலும் கூலி பிடிக்காமல் விடும் நேரம். எங்கள் கம்பெனியில் ஐந்து நிமிடம் தாமதமானால் அரை மணி நேரக் கூலி பிடிப்போம். நானே பிடித்திருக்கிறேன். 2021 ஜூன் 21 அன்று இரண்டாம் அலைக்குப் பின் சென்னையில் பஸ் திரும்பியபோது பாதி இருக்கைதான் அனுமதி. இருக்கையைப் பாதியாக்கினால் பஸ் இரண்டு மடங்காக வேண்டும். ஆகவில்லை என்றால் மீதிப் பேர் ஸ்டாப்பில் நிற்பார்கள். தலைக்கு மேல் வானம் இருப்பதால் ஸ்டாப்பில் நிற்பது அப்படியொன்றும் ஆபத்தில்லை. ஆனால் நேரமாகிவிட்டால் கூலி போகும் என்று தெரிந்தவர், பாதி இருக்கை விதியை எல்லாம் பார்த்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாரா? கண்டக்டரிடம் கெஞ்சி, படியில் தொற்றிக்கொண்டுதான் வருவார். அவரை அந்தப் படியில் ஏற்றியது என் நோட்டு. கிரேஸ் டைமை ஐந்து நிமிடத்திலிருந்து முப்பது நிமிடமாக்கினோம், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் அதையும் தாண்டி. கூட்டமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தேன் என்று சொல்பவரை இனிமேல் நம்பலாம். பொய் சொல்வார்களா? சிலர் சொன்னார்கள். அதனால் கம்பெனி முழுகவில்லை.

கம்பெனிக்கு உள்ளே எது உதவியது, எது சும்மா என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நெற்றியில் துப்பாக்கி பிடித்துக் காய்ச்சல் பார்த்தது சும்மா. வெயிலில் நடந்து வந்தவருக்கு ஏறிக் காட்டும், உள்ளே நோயை வைத்திருந்தவருக்கு இயல்பாகக் காட்டும். அறிகுறி தெரிய இரண்டு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் வாசலில் பிடிபடுபவர் கொஞ்சம்தான். பிளாஸ்டிக் திரையும் அப்படியே. காற்று போகிற வழியைத்தான் அது அடைத்தது. ஷட்டரைத் திறந்துவைத்து, பின் சுவரில் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டது உருப்படியான செலவு. ஜன்னலைத் திற என்று சொல்வது சுலபம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்குப் புகை காற்றில் வரும் நாளில், சாயங்காலம் கொசு மொய்க்கும் நேரத்தில், திறந்து வைத்துப் பாருங்கள் தெரியும். ஃபேன் ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்க ஜன்னலில் வலை அடிக்கலாம். அதைச் செய்தோம்.

கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கினோம். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு) சுமாராக இருக்கும். மூச்சுக்காற்றில் அது பல மடங்கு என்பதால், அறைக்குள் எண் ஏற ஏற அடுத்தவர் மூச்சை இழுக்கிறோம் என்று பொருள். 800க்குள் வைத்துக்கொள்ளப் பாருங்கள். ஷட்டர் திறந்த ஹாலில் பிரச்சினையே இல்லை. எகிறிக் குதித்தது எங்கே தெரியுமா? முதலாளியும் நானும் கணக்குப்பிள்ளையும் உட்காரும் ஏசி ரூமில். ஆயிரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டியது. ஆட்களுக்கு விதி போட்டுக்கொண்டிருந்தவர்கள் இருந்த அறைதான் கம்பெனியிலேயே மோசம். தென்கொரியாவின் சியோலில் ஒரு கால் சென்டரில், 11ஆவது மாடியில் வேலை செய்த 216 பேரில் 94 பேருக்குத் தொற்றியது என்பதைப் படித்தபோது அந்த ரூம்தான் நினைவுக்கு வந்தது. மூடிய அறை, இடைவிடாத பேச்சு.

சாப்பாட்டு நேரம் தனிக்கதை. மாஸ்க் இல்லை, எதிரெதிரே முகம், பேச்சு, ஒருவர் டிபனில் இன்னொருவர் கை. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தவரிடம் யாருக்கும் கொடுக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு மூன்று பந்தியாக அனுப்பினோம், அவ்வளவுதான் முடிந்தது.

இவை எல்லாவற்றையும் விட ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது: காய்ச்சலோடு ஆள் வருவது. ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர். அவர் வீட்டில் இருந்தாலும் தனித்திருக்க இடமில்லை, வேலைக்கு வந்தால் கூலியாவது உண்டு. ஏன் வர மாட்டார்? தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். உடம்பு சரியில்லாத நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. நல்ல திட்டம்தான். ஆனால் புதிதாக விழுந்த நோயில் முதல் இரண்டு நாளுக்கு அந்தப் பணம் கிடையாது. கொரோனாவில் ஒருவர் அதிகம் பரப்பும் காலமே அறிகுறி தோன்றுவதை ஒட்டிய அந்த நாட்கள்தான். இருமிக்கொண்டே ஆள் வருவதும் அந்த இரண்டு நாளில்தான். அதனால் அந்த இரண்டு நாள் கூலியைக் கம்பெனியே கொடுத்துவிடும், சான்றிதழ் கேட்காமல், என்று அறிவிப்பு ஒட்டினோம். முதலாளி முகம் சுளித்தார். வேன் வாடகையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அந்த வருடம் முழுக்க இதற்குக் கொடுத்தது ஒரு மாத வேன் வாடகைக்குக்கூட வரவில்லை.

நண்பரிடம் இதையே சொன்னேன். முதலில் ஷிப்டை நகர்த்து, கிரேஸ் டைமை நீட்டு, இரண்டு நாள் கூலியைக் கொடு. அப்புறம் ஃபேன். காசு மிஞ்சினால்தான் வேன். அவர் தலையாட்டினார். அவர் பட்டறையில் ஆட்கள் பெரும்பாலும் பெண்கள் என்று அப்போதுதான் சொன்னார். நான் கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருந்தது.

ஏனென்றால் ஏழு மணி ஷிப்ட் என்று நான் பெருமையாகச் சொன்னபோது எங்கள் பேக்கிங் அக்கா ஒருவர் கேட்டது இது: "ஏழு மணிக்குன்னா நான் மூணு மணிக்கே எழுந்து தண்ணி பிடிச்சு, சோறு ஆக்கி, புள்ளைங்களை யார்கிட்ட சார் வுட்டுட்டு வர்றது?" பத்தரை மணி ஷிப்டுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அது முடிவது இரவு 7 மணிக்கு. அந்த நேரத்துக்கு எங்கள் தெருவில் பாதி விளக்கு எரியாது, பக்கத்துக் குடோன்களை மூடியிருப்பார்கள், பஸ் ஸ்டாப் வரை பத்து நிமிட நடை. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனபின் அவர்கள் ஷேர் ஆட்டோவை விட்டு பஸ்ஸுக்கு மாறினார்கள்; ஆனால் பஸ் வரும் இடத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டுமே.

ஆக நிறுத்திய வேனைத் திரும்பக் கொண்டுவந்தோம். பொன்னேரிக்கு இல்லை, தினமும் இரவு ஒரே ஒரு நடை, கம்பெனி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப், ஸ்டேஷன், வியாசர்பாடி வரை. ஏறியதும் அக்காமார்கள் முதல் வேலையாக ஜன்னலை இறக்கிவிடுவார்கள். டிரைவர் ஏசியைப் பற்றி ஒரு தடவைதான் வாய் திறந்தார்.